காவிரிப் பாலத்தில் காய்ந்த மஞ்சள் சட்டை

தம்பிக்கு,

அப்பா எழுதும் கடிதம் ஒரு கார்டில் முடிந்துவிடும் என்பது உனக்குத் தெரியும். மழை பெய்தது, காவிரியில் தண்ணீர் வந்தது, அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. இதற்கு மேல் எனக்கு எழுத வந்ததில்லை. இன்று நாலைந்து முழுத் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து உன் அம்மாவே ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள். பயப்படாதே, இங்கே யாருக்கும் ஒன்றும் இல்லை. திருச்சிக்கு ஒரு வேலையாக வந்த உன் மைத்துனர் நேற்றிலிருந்து ஸ்ரீரங்கத்தில் நம் வீட்டில் தங்கியிருக்கிறார். நாளைக் காலை வண்டியில் கும்பகோணம் திரும்புகிறார். அடுத்த வாரம் நீ மருமகளையும் மூன்று மாதக் குழந்தையையும் அழைத்துக்கொண்டு பம்பாய்க்குக் கிளம்பிவிடுவாய். அதற்குள் இந்தக் கடிதமும் இதோடு வரும் துணிப் பொட்டலமும் உன் கையில் சேர வேண்டும். பொட்டலத்தை முதலில் பிரித்திருப்பாய், உன் அவசரம் எனக்குத் தெரியும். இன்னும் பிரிக்கவில்லை என்றால் இதைப் படித்து முடித்துவிட்டுப் பிரி.

கும்பகோணத்தில் குழந்தைக்குப் பெயர் வைத்த அன்று நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். அன்று உன் அம்மா மடியில் ஒரு சின்னத் துணி மூட்டையை வைத்துக்கொண்டு உன் பக்கத்தில் வந்து நின்றாள். குழந்தைக்குச் சட்டை தைக்கட்டுமா என்று கேட்டாள். நீ சிரித்த முகத்தோடுதான் பதில் சொன்னாய். "எதுக்கும்மா உனக்குச் சிரமம்? பம்பாயில எல்லாம் ரெடிமேடா கிடைக்குது. நான் ஏற்கெனவே வாங்கி வெச்சிருக்கேன்." அவ்வளவுதான். நல்ல பிள்ளை சொல்லும் நல்ல பதில். அவளும் சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். ஆனால் அந்த மூட்டைக்குள் இருந்தது துணி இல்லை, தைத்து முடித்த சட்டை. திரும்பி வரும்போது ரயிலில் அந்த மூட்டையை மடியிலேயே வைத்திருந்தாள். தஞ்சாவூர் தாண்டிய பிறகு, "அவன் இன்னும் மறக்கலைங்க" என்று மட்டும் சொன்னாள். எதை என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை.

அப்போது உனக்குப் பதினேழு வயது. யுத்தம் நடந்துகொண்டிருந்தது. நீயும் கோட்டைப் பக்கத்துப் பையன்களும் சேர்ந்து ஒரு கால்பந்து டீம் வைத்திருந்தீர்கள். உங்கள் கேப்டன் அந்தோணி நெட்டையாக, பேச்சில் ஒரு பட்டாளத்து அதிகாரியின் மிடுக்கோடு இருப்பான். கோப்பைக்கான கடைசி ஆட்டத்தில் எல்லோரும் ஒரே மாதிரி ஜெர்சி போட்டுத்தான் இறங்க வேண்டும், இல்லாதவனுக்கு இடமில்லை என்று நடத்துகிறவர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மஞ்சள் சட்டை, நெஞ்சில் குறுக்காக ஒரு கறுப்புப் பட்டை என்று நீங்கள் முடிவு செய்தீர்கள். அவனவன் வீட்டில் அவனவன் தைத்துக்கொள்ள வேண்டும். கடையில் சாயப்பொடி கிடைக்காத காலம். நீ வந்து கேட்டபோது நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "பந்து உதைக்க எதுக்குச் சட்டை, காலுக்குத்தானே வேலை" என்றேன். அம்மாதான், "ஜெர்சின்னா எப்படி இருக்கும், சொல்லு" என்று கேட்டாள்.

அவள் அதுவரை ரவிக்கையும் தலையணை உறையும் தவிர வேறெதுவும் தைத்ததில்லை. மெஷின் கிடையாது. உன் பள்ளிக்கூடச் சட்டை ஒன்றைக் கூடத்தில் விரித்து, அதன் மேல் நியூஸ் பேப்பரை வைத்து அளவு வெட்டினாள். நான் படிக்காத பேப்பர். அன்றைய யுத்தச் செய்தியில் பாதி உன் கழுத்து வளைவோடு போய்விட்டது. துணிக்கு என்னுடைய எட்டு முழ வேட்டி ஒன்று, கொஞ்சம் பழசு, ஆனால் நான் இன்னும் ஒரு வருஷம் கட்டலாம் என்று நினைத்திருந்தது. கறுப்புப் பட்டைக்கு என் குடை. கம்பி ஒடிந்த குடைதான், இருந்தாலும் குடை குடைதானே. ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால் அதன் எலும்புக்கூடு மட்டும் மூலையில் நிற்கிறது. "துணி கெட்டிக் கறுப்புங்க, சாயம் போகாது" என்று எனக்குச் சமாதானம் சொன்னாள். என் உடைமைகள் ஒவ்வொன்றாக உன் நெஞ்சில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நான் வெற்றிலை மென்றுகொண்டிருந்தேன்.

முதல் தடவை தைத்துப் போட்டுப் பார்த்தபோது உன்னால் கையைத் தூக்க முடியவில்லை. கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை எறிய இரண்டு கையையும் தலைக்கு மேல் கொண்டுபோக வேண்டும் என்று நீ காட்டினாய். சட்டை வயிறு வரைக்கும் ஏறிக்கொண்டது. அவள் உன்னைப் பத்துத் தடவையாவது கையைத் தூக்கி இறக்கச் சொல்லியிருப்பாள். பிறகு தோள் தையலைப் பிரித்து, ரவிக்கைக்கு வைப்பது போல அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைத்தாள். மறுநாள் நீ கூடத்தில் நின்று ஒரு பித்தளைச் செம்பைப் பந்தாக நினைத்து எறிவது போலக் காட்டினாய். சட்டை இழுக்கவில்லை. "இப்ப சரிம்மா" என்றாய். அவள் முகத்தை அன்று நான் பார்த்தேன். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அப்படி ஒரு முகத்தை நான் வரவழைத்ததில்லை.

சாயம் நம் சமையற்கட்டுச் சாயம்தான். காந்தி மார்க்கெட்டில் விரலி மஞ்சள் வாங்கி வந்து இடித்து, தவலையில் கொதிக்கவைத்து, படிகாரம் போட்டு முக்கினாள். நிறம் ஏற மூன்று நாள் மூன்று முக்கு. வெயில் பட்டால் வெளுக்கும் என்று பின்கட்டு நிழலில் கொடியில் போட்டாள். "சவுக்காரம் மட்டும் கிட்டக் கொண்டாராதீங்க, பட்டா செவந்துடும்" என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவைத்தாள். எல்லோரும் என்றால் நாம் இரண்டு பேர்தான். ஆரத்தித் தட்டு பார்த்த யாருக்கும் அது தெரியும். மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். நன்றாகவே தெரியும். இதை நீ கவனமாகப் படி.

ஆட்டம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அதே சாயங்காலம் உன்னை எங்கள் ஆபீஸ் பெரிய குமாஸ்தாவின் வீட்டுக்கு அழைத்துப் போவதாக நான் சொல்லிவைத்திருந்தேன். ஒரு இடம் காலியாக இருந்தது. உன்னை ஒருமுறை பார்க்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். முதல் நாள் இதைச் சொன்னபோது நீ, "ஞாயித்துக்கிழமை வரேம்பா, நாளைக்கு முடியாது" என்றாய். குரலைக்கூட உயர்த்தவில்லை. நான்தான் உயர்த்தினேன். பந்து சோறு போடுமா, அந்தோணி வேலை வாங்கித் தருவானா என்றெல்லாம் கத்தினேன். நீ போய்க் கொடியில் சட்டை காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தாய். எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. என் பேச்சைவிட அந்தத் துணி உனக்குப் பெரிதாகப் போய்விட்டது என்று நினைத்தேன். அது என் வேட்டிதான் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ். மத்தியானம் வந்து சாப்பிட்டேன். நீ ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தாய். அம்மா அடுப்படியில் இருந்தாள். நான் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே பின்கட்டுக்குப் போனேன். காலையில் கடைசி முக்கு முக்கியிருந்ததால் சட்டை இன்னும் ஈரமாகத் தொங்கியது. கை துடைக்கப் போனேன், தெரியாமல் பட்டுவிட்டது என்று இத்தனை வருஷமாக எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது பொய். டப்பியிலிருந்து இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு எடுத்து உள்ளங்கையில் தேய்த்து, உன் சட்டையின் முதுகில் வைத்தேன். பிறகு முன்பக்கம். பிறகு கீழே ஓரத்தில். வைத்த இடமெல்லாம் அப்போதே ரத்தமாகச் சிவந்தது. நான் உள்ளே வந்து ஊஞ்சலில் உட்கார்ந்து மீதி வெற்றிலையைப் போட்டுக்கொண்டேன். உன் ஜெர்சியைக் கெடுத்தவன் நான். உன் அம்மா இல்லை.

நீ வந்து பார்த்தாய். எதிர் டீமின் நிறம் சிவப்பு என்பது வேறு. நீ அந்தச் சட்டையைக் கொடியிலிருந்து உருவி அம்மா முன்னால் போட்டாய். "சவுக்காரத் தண்ணி இருந்த பாத்திரத்துல முக்கியிருக்கே. கவனிச்சிருக்க வேண்டாமா?" என்றாய். அம்மா சட்டையை எடுத்து விரித்துப் பார்த்தாள். ஒரு நிமிஷம் பார்த்திருப்பாள். பிறகு, "ஆமாம்ப்பா, பாத்திரம் மாறிப்போச்சு போல இருக்கு" என்றாள். நீ, "தெரியாத வேலைய ஏன் எடுத்துக்கிறே? இனிமே எனக்காக நீ ஊசியத் தொடாதே" என்று சொல்லிவிட்டு வெறும் பனியனோடு கிளம்பிப் போனாய். எனக்குப் பத்தடி தூரத்தில் இது நடந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. வாய் நிறைய வெற்றிலை இருந்தது, அது ஒரு சௌகரியம்.

இதுவரை நடந்ததில் பாதி உனக்குத் தெரியும். இனி வருவது தெரியாது. நீ போனதும் அம்மா ஒரு உருண்டைப் புளியைக் கரைத்தாள். சட்டையை அதில் போட்டு அலசினாள். சிவப்பெல்லாம் கரைந்து பழையபடி மஞ்சள் வந்துவிட்டது. பிழிந்து உதறி என்னிடம் நீட்டினாள். "மைதானத்துல கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க. நாலரைக்குத்தான் ஆட்டம்." என் கையை அவள் பார்க்கவில்லை. நான் வாங்கிக்கொண்டு நடந்தேன். ஆடிக் காற்று. காவிரி இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. பாலத்தில் ஏறியதும் சட்டையை இரண்டு கையாலும் தோள் பக்கம் பிடித்துக் காற்றில் விரித்துக்கொண்டேன். எதிரில் வந்த வண்டிக்காரர் ஒருவர், "என்ன சாமி, கொடி புடிச்சிக்கிட்டுப் போறீங்க" என்று கேட்டார். பாலத்தின் அந்தக் கோடிக்குப் போவதற்குள் சட்டை காய்ந்துவிட்டது. கொடுத்துவிட வேண்டும் என்றுதான் போனேன், தம்பி. இதையாவது நம்பு.

மைதானத்துக்குப் போனபோது ஆட்டம் ஆரம்பித்து ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. மஞ்சள் சட்டைகள் பத்து, உன் இடத்தில் யாரோ ஒரு குட்டைப் பையனோடு பதினொன்று. நீ கோட்டுக்கு வெளியே, மற்றவர்களின் துண்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாய். பந்து வெளியே வந்தால் ஓடிப்போய் எடுத்து எறிந்தாய். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, அம்மாவிடம் காட்டிய அதே மாதிரி. கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிட்டால் எப்படிச் சரியாயிற்று என்று கேட்பாய். புளித்தண்ணீர் என்று சொல்ல வேண்டும். அப்படியானால் சிவந்தது எதனால் என்று அடுத்த கேள்வி வரும். என் நகக்கண்ணில் சுண்ணாம்பு அப்போதும் இருந்தது. இடைவேளையில் அந்தோணி உன்னிடம் வந்து உன் பனியனைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்லித் தோளில் தட்டிவிட்டுப் போனான். அப்போதாவது நாலு எட்டு வைத்திருக்கலாம். நான் சட்டையைச் சின்னதாக மடித்துப் பைக்குள் வைத்தேன்.

உங்கள் டீம் ஜெயித்தது. நீ ஆடாத ஆட்டத்துக்கு நீ குதித்த குதியை நான் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். எல்லோரையும் கட்டிப்பிடித்தாய். உன் இடத்தில் ஆடிய பையனைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினாய். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் பிள்ளைக்கு இவ்வளவு பெரிய மனசு எங்கிருந்து வந்தது என்று நினைத்தேன், நிச்சயமாக என் பக்கத்திலிருந்து இல்லை. வீட்டுக்கு வந்து, "நான் போறதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிருச்சு" என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் சட்டையை வாங்கி நீவி மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தாள். மறுநாள் போனால் பெரிய குமாஸ்தா அந்த இடத்துக்கு வேறு ஆளைப் பார்த்துவிட்டதாகச் சொன்னார். ஒரு கைச் சுண்ணாம்பில் உனக்கு ஆட்டமும் இல்லை, வேலையும் இல்லை என்று செய்தேன்.

நீ அதன் பிறகு கோபமாக இருக்கவில்லை, அதுதான் மோசம். பாசமாகவே இருந்தாய். ஆனால் சட்டையில் பொத்தான் போனால் சின்னக் கடைத் தெருத் தையற்காரரிடம் போனாய். பம்பாய்க்கு முதல் தடவை கிளம்பியபோது உன் பெட்டி உறை கிழிந்திருந்தது. அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டு வந்தாள், நீ, "பரவாயில்லம்மா, கயிறு கட்டிக்கிறேன்" என்றாய். அவளுக்குச் சிரமம் வேண்டாம் என்றுதான் சொன்னாய். அவள் கோத்த நூலை ஊசியோடு தன் முந்தானையில் குத்திக்கொண்டு உன்னை வழியனுப்ப ஸ்டேஷனுக்கு வந்தாள். வண்டி போன பிறகும் அந்த நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

போன வாரம் டிரங்குப் பெட்டியில் எதையோ தேடினேன். அடியில் உன் ஜெர்சி. அதற்குள் சுருட்டி வைத்த குழந்தைச் சட்டை. ஜெர்சியை விரித்தால் நிறம் மங்கினாலும் மஞ்சள்தான். ஆனால் கீழ் ஓரத்தில் செம்மண் நிறத்தில் ஒரு விரல் பதிந்திருந்தது. அம்மா பின்னால் வந்து நின்றாள். "அங்க மட்டும் புளித்தண்ணி எட்டலைங்க. அவசரத்துல பாக்கலை. அப்புறம் பாத்தேன். இருக்கட்டும்னு விட்டுட்டேன்" என்றாள். "அப்போ உனக்கு அன்னைக்கே தெரியுமா?" என்று கேட்டேன். "முப்பது வருஷமா உங்களுக்கு வெத்தலை மடிச்சுக் குடுக்கிறேன். உங்க விரலு எனக்குத் தெரியாதா?" என்றாள். ஏன் பழியை வாங்கிக்கொண்டாய் என்று கேட்டேன். அவள் ஜெர்சியை மறுபடி மடித்தாள். "அப்பா மேல கோவம் வந்தா அந்த வயசுப் புள்ளை வீட்டை விட்டுப் போயிருவான். அம்மா மேலன்னா ராத்திரி சோத்துக்கு வந்துருவான்." நீ வந்தாய். அவள் போட்டதைச் சாப்பிட்டாய். எனக்கும் அவளே போட்டாள்.

நான் உனக்கு எழுதப் போகிறேன் என்றதும் வேண்டாம் என்று தடுத்தாள். "உங்க மேல கோவிச்சுக்குவான்" என்றாள். "கோவிச்சுக்கட்டும், எப்படியும் பம்பாய்க்குப் போறவன்தானே" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். கோபித்துக்கொள், தம்பி. கடிதம் போடாதே, அல்லது கண்டபடி திட்டிப் போடு. ஆனால் அதை என்னோடு வைத்துக்கொள். நீயும் இப்போது அப்பா. புத்திமதி சொல்ல எனக்கு யோக்யதை இருக்கிறதோ இல்லையோ, தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். உன் பிள்ளை என்றாவது உன் பேச்சைவிட ஏதோ ஒன்றைப் பெரிதாக நினைப்பான். அன்று உனக்குக் கோபம் வரும். திட்டு, கத்து. அவன் பொருளில் மட்டும் கை வைக்காதே. வைத்துவிட்டால் அன்று சாயங்காலத்துக்குள் சொல்லிவிடு. நாள் போகப் போக வாய் வராது. எனக்கு ஏழு வருஷம் ஆகியிருக்கிறது.

பொட்டலத்தில் ஜெர்சி இருக்கிறது. அதற்குள் உன் பிள்ளையின் சட்டை. இதுவும் என் வேட்டிதான், வழக்கம்போல என்னைக் கேட்காமல் வெட்டியது. அக்குளைப் பார், அதே சதுரத் துண்டு. மூன்று மாதக் குழந்தை எந்தப் பந்தை எறியப்போகிறது என்று கேட்டேன். "எறியாமலா போயிருவான்?" என்றாள். அதைக் குழந்தைக்குப் போட்டு, கையைத் தூக்கிப் பார்த்து, சட்டை இழுக்கவில்லை என்று அம்மாவுக்கு ஒரு வரி எழுது. எனக்கு எழுதாவிட்டாலும் அவளுக்கு எழுது. அவள் அதற்குத்தான் காத்திருக்கிறாள்.

புதுத்துணி ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைப்போமே, அதை மட்டும் அவள் வைக்கவில்லை. கறையாகிவிடுமோ என்று பயம், அந்த ஜெர்சிக்குப் பிறகு அவளுக்கு அப்படி ஒரு பயம். "நீங்களே வைங்க" என்று குங்குமச் சிமிழையும் மஞ்சளையும் என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள். இன்று காலையிலிருந்து நான் வெற்றிலை போடவில்லை. சவுக்காரம் போட்டுக் கழுவினால் அதுவும் ஆகாது என்று, புளியைக் கரைத்து இரண்டு கையையும் நகக்கண் வரைக்கும் தேய்த்துக் கழுவினேன். பிறகுதான் தொட்டு வைத்தேன். வலது பக்கத்துக் கீழ் ஓரத்தில் இருக்கும் பொட்டு என்னுடையது. கடிதத்தை ஆரம்பிப்பதற்கு முன் வைத்தேன், இப்போதும் ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். மஞ்சளாகத்தான் இருக்கிறது.

உன்
அப்பா